பரிணாமக் கொள்கையை ஏற்றுக்கொண்டால் கடவுள் நம்பிக்கையைக் கைவிட வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ஒன்றுக்குள் மூன்றை வைத்திருக்கிறார்: பரிணாமத்துக்கு உண்மையிலேயே உறுதியான சான்று உண்டா, அதை ஏற்றால் கடவுளை விட்டுவிட வேண்டுமா, பள்ளியில் படைப்புக் கொள்கையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன. நம்பிக்கையுள்ள குடும்பத்தில் வளர்ந்து, பிறகு உயிரியல் படித்தவன் நான். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

டார்வினால் பலமாக அடிபட்டது ஒரு வாதம். தரையில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும், அதைவிட நுட்பமான கண்ணுக்கும் அப்படியே என்று 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதினார். அந்தக் காலத்தில் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் டார்வினே பேலியை விரும்பிப் படித்தவர்தான். ஒரே இனத்துக்குள் பிறக்கும்போதே இருக்கும் சிறு வேறுபாடுகள், அவற்றுள் சில பிழைத்துச் சந்ததி பெருக்க உதவுவது, மிக நீண்ட காலம் ஆகியவை இருந்தால் கண் போன்ற உறுப்பும் படிப்படியாக உருவாக முடியும் (இதைத்தான் இயற்கைத் தேர்வு என்றார்) என்று 1859இல் அவர் காட்டியபோது அந்த வாதத்தின் கட்டாயம் போய்விட்டது. கடவுள் இல்லை என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. இதே முடிவுக்குத் தனியாக வந்தவர் வாலஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர். இருவர் எழுத்துகளும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அந்த வாலஸ் பிற்காலத்தில் ஆவியுலக நம்பிக்கையில் இறங்கினார்; மனித மனத்தை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது என்று சொல்லி டார்வினை வருத்தப்பட வைத்தார்.

டார்வின் நம்பிக்கை இழந்தது உண்மை. அதற்குப் பரிணாமம் மட்டுமே காரணம் என்று சொல்வது கதையைச் சுருக்குவதாகும். 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்தது அவரை உலுக்கியது. அவரை உறுத்திய இன்னொன்று, இக்நியூமன் என்ற ஒட்டுண்ணிக் குளவி. பெண் குளவி ஊசி போன்ற உறுப்பைக் கம்பளிப்புழுவின் உடலில் செருகி முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்னத் தொடங்குகின்றன. புழு அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. கருணையும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

கடிதம் யாருக்குப் போனது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பெற்றவர் ஆசா கிரே, ஹார்வர்டு தாவரவியலாளர், ஆழ்ந்த கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னின்று வாதாடியவர். ஒரே குளவியை அறிந்த இருவரில் ஒருவர் நம்பிக்கையை இழந்தார், மற்றவர் இழக்கவில்லை. கடவுளையும் பரிணாமத்தையும் ஒருசேர ஏற்கும் மனிதர் இருக்க முடியும் என்று டார்வினே 1879இல் எழுதியிருக்கிறார். தன்னைப் பொறுத்தவரை 'தெரியாது' என்பதே சரியான நிலை என்றும் சொல்லிக்கொண்டார்.

ஆகவே, பரிணாமம் கடவுளைப் பொய்யாக்கிவிட்டது என்பவர்கள் அறிவியல் சொல்லாததைச் சொல்கிறார்கள். அதே சமயம், முரண்பாடே கிடையாது என்று தட்டிக்கொடுப்பவர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை. உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சில நாட்களில் படைக்கப்பட்டது என்பதைச் சொல்லுக்குச் சொல் நம்பினால் முரண்பாடு நிஜம். பூசி மெழுக முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை 1950இல் பரிணாமத்தை ஆராயலாம் என்று ஒப்பியது. இது வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். பரிணாமம் எங்கள் வேதத்தில் அன்றே இருக்கிறது என்று சொல்லும் இன்னொரு கூட்டமும் எல்லா மதங்களிலும் உண்டு. 1859க்கு முன் அதை யாரும் அங்கே படிக்கவில்லையே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இனி சான்று. புதைபடிவங்களைப் பற்றி எங்கும் படிக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி குரோமோசோம்கள் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்). நமக்கு 23. பொது மூதாதையர் உண்டு என்றால் காணாமற்போன ஒரு ஜோடி எங்கே? ஒரு ஜோடி முழுவதும் தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. எனவே இரண்டு குரோமோசோம்கள் எங்கோ ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் டிடிஏஜிஜிஜி என்ற டிஎன்ஏ எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும். அது நுனியின் அடையாளம், நடுவில் அதற்கு வேலை இல்லை. மனிதனின் இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில் அதே தொடர், இரண்டு நுனிகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட நிலையில் இருப்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் சென்ட்ரோமியர் என்ற மையப்பகுதி ஒன்றுதான் இருக்கும்; இதிலோ செயலிழந்த இரண்டாவது மையப்பகுதியின் எச்சமும் கிடக்கிறது. தவறாகப் போயிருக்கக்கூடிய ஓர் ஊகம் சோதனையில் தேறியது. (குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இன்றைய குரங்குகள் நமக்குப் பங்காளிகள், பாட்டன்கள் அல்ல.)

அறிவியலுக்குள்ளும் இந்தக் கொள்கை எதிர்ப்பைச் சந்தித்தது. டார்வினுக்குத் தேவைப்பட்டது ஏராளமான காலம். அன்றைய இயற்பியலின் பெரும்புள்ளி கெல்வின், பூமி ஆறும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். 1897இல் அதையும் 2 முதல் 4 கோடியாகக் குறைத்தார். கெல்வினின் முந்தைய கணக்கே தன்னை மிகவும் வாட்டும் தொல்லைகளுள் ஒன்று என்று டார்வின் எழுதியிருந்தார். பதில் தெரியாமலே 1882இல் இறந்தார். 1896இல் கதிரியக்கம் தெரியவந்த பிறகு, பாறைகளின் வயதை நேரடியாக அளக்கும் வழி பிறந்தது. இன்றைய கணக்கு ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். கணிதம் தெரிந்த இயற்பியலாளர் பக்கம் பிழை, புறாக்களையும், கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தவர் பக்கம் நியாயம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

எதிர்ப்பு மதத்திடமிருந்து மட்டும் வரவில்லை. சோவியத் யூனியனில் அரசின் ஆதரவு பெற்ற வேளாண் ஆய்வாளர் லைசென்கோ, பரிணாமத்தை விளக்க உதவும் மரபியலை முதலாளித்துவப் புரட்டு என்று முத்திரை குத்தினார். அவரை எதிர்த்த, உலகெங்கும் விதைகளைத் திரட்டிய தாவரவியலாளர் வவிலோவ் 1940இல் கைதாகி 1943இல் சிறையில் இறந்தார். மறுபக்கம், டார்வின் பெயரைச் சொல்லியே, 'தகுதியற்றவர்' என்று கருதியவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுக்கும் இனமேம்பாடு என்ற பெயரில் கொடுமைகள் நடந்தன. கட்டாயக் கருத்தடை செல்லும் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இயற்கையில் ஒன்று நடக்கிறது என்பதை வைத்து நாமும் அதைச் செய்யலாம் என்பது எந்தத் தர்க்கமோ!

பள்ளிக்கூடக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில், உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தை உயிரியல் வகுப்பில் அறிமுகப்படுத்தப் பள்ளி வாரியம் முயன்றது. பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், அது அறிவியல் அல்ல என்று 2005 டிசம்பரில் தீர்ப்பளித்தார். விசாரணையில் அந்தக் கருத்துக்காகச் சாட்சி சொன்ன உயிர்வேதியியலாளர், தன் வரையறையின்படி பார்த்தால் சோதிடமும் அறிவியல் கொள்கைக்குள் வந்துவிடும் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. படைப்புக் கதைகளை வரலாற்று வகுப்பிலோ தத்துவ வகுப்பிலோ தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். உயிரியல் வகுப்பில் வேண்டாம் என்பதே என் பதில்.