'#எரர்' வரியைக் கண்ட பிறகும் கம்பைலர் ஏன் ஓடுகிறது?

கேள்வி: தேவையான மேக்ரோ (நிரலில் ஒரு மதிப்புக்கோ வரிகளுக்கோ வைக்கும் பெயர்) வரையறுக்கப்படவில்லை என்றால் தொகுப்பு நின்றுவிட வேண்டும் என்பதற்காக, என் சி மொழி நிரலில் '#எரர்' (#error) என்ற வரியை எழுதியிருந்தேன். நிரலைத் தொகுத்துக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் அந்தச் செய்தியைக் காட்டியதோடு நில்லாமல், கீழே இருந்த பிழைகளையும் அடுக்கிக்கொண்டே போனது. இது சி மொழியின் விதிகளை வகுக்கும் தரநிலையை மீறுவது ஆகாதா?

பதில்: ஆகாது. அந்த வரியிலேயே நின்றுவிட வேண்டும் என்று சி தரநிலை எங்கும் கேட்கவில்லை. 1989ஆம் ஆண்டின் ஆன்சி சி ஆவணம், '#எரர்' வரியில் உள்ள சொற்களை அடக்கிய அறிவிப்பு ஒன்றைக் கம்பைலர் வெளியிட வேண்டும் என்று மட்டுமே விதித்தது. அறிவித்த பின் நிரலைத் தொகுத்துக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்த்தது 1999ஆம் ஆண்டின் தரநிலையான சி99. '#இஃப்' (#if) போன்ற நிபந்தனையால் தவிர்க்கப்பட்ட பகுதிக்கு வெளியே '#எரர்' இருக்கும் நிரலைக் கம்பைலர் வெற்றிகரமாகத் தொகுக்கவே கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. மற்ற விதிமீறல்களுக்கு ஓர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டால் போதும், அதன் பிறகு தவறான நிரலையும் தொகுத்துக் கொடுக்கலாம் என்று அதே ஆவணம் அனுமதிக்கிறது. மறுத்தே தீர வேண்டும் என்று சி99 கட்டாயப்படுத்துவது '#எரர்' ஒன்றைத்தான்.

ஆகவே ஜிசிசி மேலும் பிழைகளைத் தேடுவது குற்றமன்று. இறுதியில் தோல்வி என்று அறிவித்து, பூஜ்யம் அல்லாத முடிவு எண்ணைத் திருப்புகிறதா என்பதையே பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ சி1189 என்ற பிழை எண்ணுடன் அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டும் முறையானவையே. ஜிசிசியும் முதல் பிழையிலேயே நிற்க வேண்டுமானால், '-டபிள்யூஃபேட்டல்-எரர்ஸ்' (-Wfatal-errors) என்ற தேர்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சி++ இல் இந்தத் தெளிவு வரப் பல ஆண்டுகள் ஆயின. '#எரர்' உள்ள நிரல் முறையற்றது என்று அதன் ஆவணம் 1998 முதலே சொல்லி வந்தாலும், முறையற்ற நிரலுக்கு ஓர் அறிவிப்பு போதும் என்ற பொது விதியே அதற்கும் பொருந்தியது. ஏற்கவே கூடாது என்ற கண்டிப்பு அண்மைத் தரநிலையான சி++23 இல்தான் எழுத்தில் வந்தது.

கேள்வி: எச்சரிக்கை மட்டும் காட்டும் '#வார்னிங்' (#warning) வரியும் தரநிலையில் உள்ளதா?

பதில்: இப்போது உள்ளது, சி23, சி++23 ஆகிய இரண்டும் அதைச் சேர்த்துக்கொண்டன. அதற்கு முன்பே ஜிசிசி, கிளாங் போன்ற கம்பைலர்கள் அதைத் தாமாகவே ஏற்று வந்தன. அறிவிப்பு தர வேண்டும், ஆனால் அந்த வரி இருப்பதையே காரணம் காட்டி நிரலை மறுக்கக் கூடாது என்பதே '#எரர்' வரியிலிருந்து அதற்குள்ள வேறுபாடு. இரண்டிலும் செய்தியை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுமாறு வலியுறுத்துகிறேன். ஆங்கிலச் செய்தியில் வரும் தனி ஒற்றை மேற்கோளை முடிவுறாத எழுத்து மாறிலியாக (ஒற்றை மேற்கோள்களுக்குள் எழுதும் எழுத்தாக) கருதிக் கம்பைலர் வேறோர் எச்சரிக்கையையும் கொடுக்கும், நீங்கள் சொல்ல வந்த செய்தி அதற்கிடையே கண்ணில் படாமல் போய்விடும்.