நெல்லைச் சீமையில் சுண்ணாம்புக்கல் மலை: மே மாதத்தில் எங்கே ஏறலாம்?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். மே லீவுக்குப் பாளையங்கோட்டையில் என் மாமியார் வீட்டுக்கு வருகிறோம். வெளிநாட்டுச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் மேல் நடந்துகொண்டே கீழே விரியும் பள்ளத்தாக்கைக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்து, பத்து வயது மகன் அப்படி ஓர் இடம் வேண்டும் என்கிறான். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் உண்டு என்கிறார்களே, அங்கே போகலாமா? அத்தைக்கு முழங்கால் வலி. ஆனாலும் வருவேன் என்கிறார்கள்.

பதில்: தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் இருப்பது உண்மை. சங்கர்நகர் சிமெண்ட் ஆலை 1949இல் அங்கே ஓடத் தொடங்கியதே அந்தக் கல்லை நம்பித்தான். ஆனால் அங்கே நீங்கள் நினைக்கிற மாதிரி மலை கிடையாது, குவாரிப் பள்ளம்தான் இருக்கிறது.

வீடியோவில் வரும் ஊர்களில் சுண்ணாம்புக்கல்லைச் சுற்றியிருப்பது அதைவிட மெத்தென்ற மண்ணும் களிப்பாறையும். அவை கரைந்து போக, சுண்ணாம்புக்கல் மேடாக நின்றுவிடுகிறது. நம் பக்கம் நிலைமை தலைகீழ். நெட்டுக்குத்தாக நிற்கும் கெட்டிப் பாறைகளுக்கு நடுவே, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது சுண்ணாம்புக்கல். மழைநீரில் முதலில் கரைவது அதுதான். அதனால் அது தரையோடு தரையாகிவிட்டது, மலையாக நிற்பதெல்லாம் மற்றப் பாறைகள். குவாரிக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. கைவிட்ட பள்ளமாக இருந்தாலும் வேண்டாம். வெடிவைத்த விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, பச்சைத் தண்ணீர் நிற்கிற குழிகள் கரையிலிருந்தே ஆழம்.

மகன் ஏமாந்துபோக வேண்டாம். கரிசல் காட்டு ஓடைக்கரையில் உருண்டை உருண்டையாகச் சுக்கான்கல் கிடக்கும். ஒன்றை எடுத்துக் கத்தியால் சுரண்டி, அந்தப் பொடியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொல்லுங்கள். பொடி நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. கத்திக்கு மசியாமல், சாற்றுக்கும் அசையாமல் வெள்ளையாக இருந்தால் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். தூரத்தில் வெள்ளையாகத் தெரிகிற பாறையை எல்லாம் சுண்ணாம்பு என்று நம்பி இங்கே பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

சரி, நடைக்கு வருவோம். உங்கள் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு செங்கோட்டைக்குப் பக்கத்தில் குன்றின் மேல் இருக்கிற பண்பொழி திருமலைக்கோவில். காரணம் அத்தைதான். உச்சி வரை கார் போகிற பாதை இருக்கிறது. அத்தை காரில் போகட்டும், நீங்களும் பையனும் படியில் ஏறுங்கள். நிதானமாக ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஏற்றம் அது. மேலே நின்றால் மேற்கே மலைத்தொடர் சுவராக நிற்கிறது. அடியில் வயல், தென்னந்தோப்பு, இடையிடையே குளங்கள். செங்கோட்டைப் பக்கம் மலை தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாய்க்கு வழிவிடுவதையும் காட்டிக்கொடுங்கள். தென்மேற்குக் காற்று நமக்குள் நுழைகிற வாசல் அது. பள்ளத்தாக்குக் காட்சி வேண்டும் என்றால் இதைவிட வசதியான மேடு இந்தச் சீமையில் எனக்குத் தெரிந்து இல்லை.

கழுகுமலையும் நல்ல இடம்தான். கோவில்பட்டியிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். பாறையிலேயே குடைந்த வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் பார்க்க வேண்டியவை. ஆனால் அங்கே தெரிவது கரிசல் சமவெளி, பள்ளத்தாக்கு அல்ல. மொட்டைப் பாறை வேறு, அத்தைக்குச் சரிப்படாது.

இடத்தைவிட நேரம்தான் முக்கியம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். அந்த மாதத்தில் மத்தியானச் சூரியன் நம் உச்சியை ஒட்டியே நிற்பதால், பாறையோரத்தில் ஒதுங்க நிழலே கிடைக்காது. சூரியன் எழுவது ஆறு மணி வாக்கில். அதற்குள் அடிவாரத்தில் இருங்கள், எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து அந்த நேரத்துக்கு வரவேண்டும் என்றால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். அதைவிட முந்தின இரவு குற்றாலத்தில் தங்குவது மேல். சீசன் தொடங்காததால் அறை கிடைப்பது கஷ்டமில்லை.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறித்துவிடும், ஜிப் வைத்த பைக்குள் போடுங்கள். மேலே செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் கல் சுடும், பையனுக்கு ஒரு ஜோடி காட்டன் சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், படியை விட்டு அக்கம்பக்கத்துக் காட்டுக்குள் குறுக்குவழி தேடாதீர்கள். அத்தை ஆசைப்பட்டு நாலு படி இறங்கிப் பார்க்கிறேன் என்றாலும் தடுத்துவிடுங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை.

பயணத்தை ஜூன் நடுவுக்குத் தள்ள முடிந்தால் வெயில் கவலை பாதி தீரும். சாரல் விழத் தொடங்கியிருக்கும். அப்போது படி வழுக்கும், காற்றில் குடை நிற்காது. ரெயின்கோட்டும் பிடிமானமுள்ள செருப்பும் கொண்டுவாருங்கள்.