ஊட்டியில் த்ராட்டில் பாடி பாலன்ஸ் வீட்டிலேயே செய்யலாமா?

இரட்டை சிலிண்டர் பைக் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) உதறுகிறது, கோயம்புத்தூர் வரை இறங்காமல் ஊட்டியிலேயே த்ராட்டில் பாடிகளை (சிலிண்டருக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகங்கள்) பாலன்ஸ் செய்யலாமா, அதாவது இரண்டும் ஒரே அளவு காற்று விடும்படி சரிசெய்யலாமா, இந்த உயரத்தில் உறிஞ்சலை அளக்கும் கேஜ் தப்பாகக் காட்டாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் கேஜ் காட்டும் எண் இங்கே வராது. வராவிட்டால் என்ன? நமக்கு வேண்டியது இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

கேஜும் தேவையில்லை. மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூப் நாலைந்து மீட்டர் வாங்கி, பலகையில் ‘ப’ வடிவில் கட்டி, பாதி உயரத்துக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் விடுங்கள். பாதரசம் வேண்டவே வேண்டாம். இரு முனைகளையும் த்ராட்டில் பாடிகளின் வேக்குவம் (உறிஞ்சல்) முனைகளில் செருகுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்த்தால், எந்தப் பக்கம் ஆயில் ஏறுகிறதோ அங்கே உறிஞ்சல் அதிகம். அதாவது அந்த த்ராட்டில் கூடுதலாக மூடியிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த ஸ்க்ரூ என்பது பைக்குக்கு பைக் மாறும், சர்வீஸ் மேனுவல் சொல்லும். பெயின்ட் வைத்த ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். ஆயில் சரசரவென்று ஏறினால் உடனே கில் சுவிட்சால் எஞ்சினை நிறுத்துங்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் புகைதான் வரும்.

அப்புறம், வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) சரியில்லாமல் இதைச் செய்வது வீண் வேலை. குளிருகிறதே என்று ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். முடிந்ததும் வேக்குவம் முனைகளின் ரப்பர் மூடிகளைத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் அந்த வழியே காற்று புகும்.