கேமராவோடு குமரி மாவட்டத்துக்குக் குடிவந்தவர்களுக்கு: கேள்வி பதில்

வணக்கம். நான் சேலத்துக்காரி. 2019இல் கணவருக்கு மாற்றல் ஆகி நாகர்கோவிலுக்கு வந்தோம். வடசேரிப் பக்கம் வாடகை வீடு. கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று போட்டோ எடுப்பது என் தொழில். வேலை இல்லாத நாட்களில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிப் படம் எடுக்கிறேன். புது ஊரில் கேமராவோடு எப்படிப் பழகுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி): அக்கா, நாகர்கோவில் வந்து ஒரு மாதம் ஆகிறது. கன்னியாகுமரிக்கு நாலு தடவை போய்விட்டேன். எல்லாப் படமும் வாழ்த்து அட்டை மாதிரியே இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: கன்னியாகுமரியில் தொடங்கியதுதான் சிக்கல் தம்பி. 133 அடி வள்ளுவர், விவேகானந்தர் பாறை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், மூன்றும் ஒரே ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் யார் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே படம்தான். அங்கே அப்புறம் போகலாம். இப்போதைக்கு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துக்குள் ஓர் இடத்தைப் பிடியுங்கள்.

எனக்கு முதல் மூன்று மாதம் வடசேரி கனகமூலம் சந்தையும், மணிமேடையும், கோட்டாறு கடைத்தெருவும்தான். சந்தையில் விடியற்காலை வாழைத்தார் இறக்குவார்கள். மட்டி, செந்துளுவன், நேந்திரன், பாளையங்கோட்டான் என்று வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். முதல் நாள் எனக்கு எல்லாமே வாழைத்தார். இரண்டாவது வாரத்தில் நிறத்தை வைத்தே பெயர் சொன்னேன். பெயர் தெரிந்த பிறகுதான் படமும் மாறியது. தாரை விட்டுவிட்டு, மட்டித்தாரை மட்டும் குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்கிவைக்கிற கைகளை எடுக்க ஆரம்பித்தேன். ஒரே இடத்துக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை என்று பத்து நாள் போய்ப் பாருங்கள். சாயா ஒரே கடையில் குடியுங்கள். உங்களை யாரென்று கேட்கிறவர்களுக்கு அந்தக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார்.

கேள்வி (மார்த்தாண்டம், கல்லூரி மாணவி): தோவாளைப் பூச்சந்தையில் படம் எடுக்கப் போனேன் அக்கா. ஒரு பாட்டி திட்டி அனுப்பிவிட்டார். மறுபடி போகப் பயமாக இருக்கிறது.

பதில்: எனக்கும் இதே நடந்தது. வந்த வருடம், ஓணத்துக்கு முந்தின நாட்கள். கேரளத்து வியாபாரிகள் வண்டியோடு வந்து குவிகிற நேரம் அது. பூ நேரம் ஆக ஆக வாடும், விலை கண்முன்னே மாறும். அந்த நெரிசலில் பிச்சிப்பூ எடைபோட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் கேமராவை நீட்டினேன். "பூ வாங்கு, இல்லேன்னா வழிய விடு" என்றார். அவர் பக்கம்தான் நியாயம். தராசைப் பார்க்க வேண்டிய கண் என்னைப் பார்த்தால் அவருக்கு நஷ்டம்.

அடுத்த வாரம் கேமரா இல்லாமல் போய் அவரிடமே பிச்சி வாங்கினேன். அதற்கடுத்த வாரமும் வாங்கினேன். மூன்றாவது தடவை கேமரா தோளில் தொங்கியது, எடுக்கவில்லை. நாலாவது தடவை அவரே, "அதென்ன சும்மா தூக்கிட்டு அலையுத?" என்று கேட்டார். அன்று எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொடுத்தேன். நல்லா இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை, மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். இப்போது நான் போனால், "மக்களே, இந்தப் பக்கம் நில்லு, வெளிச்சம் இருக்கு" என்கிறார். உங்கள் பாட்டியிடமும் போங்கள். பயப்படாதீர்கள், முதலில் பூ வாங்குங்கள்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்தை விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். பல்பு வெளிச்சம்தான். ஃபிளாஷ் வேண்டாம், கண்ணைக் கூசும், பூவின் ஈரமும் செத்துப்போகும். 35 எம்எம் லென்ஸ், எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். வெள்ளைப் பூவைத் தானியங்கி வெள்ளைச் சமநிலையிடம் (ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்) விட்டால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறம் காட்டும், கையால் ஒரே எண்ணில் நிறுத்திவிடுங்கள். வெளியே வானம் நீலமாகிற நேரத்தில் உள்ளே பல்பு இன்னும் மஞ்சளாக எரியும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் நாலு மணிக்கு அலாரம் வைக்கிறேன்.

கேள்வி (திருச்சி நண்பர்): கோடை விடுமுறையில் வந்து கன்னியாகுமரியில் கடலுக்குள் சூரியன் மறைவதை எடுக்க நினைக்கிறேன். சித்ரா பௌர்ணமியன்று வந்தால் சரியா?

பதில்: கோடையில் அங்கே நின்றால் ஏமாந்து போவீர்கள். கன்னியாகுமரியிலிருந்து மேற்கே போகும் கரை ஏறத்தாழ நேர் மேற்காகவே ஓடுகிறது. ஐப்பசி முதல் மாசி முடிய, சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் அது கடலுக்குள் இறங்கும். சித்திரையில் வடக்கே நகர்ந்துவிடுவதால் கரை மேல், தென்னைக்குப் பின்னால் மறையும். சித்ரா பௌர்ணமிக்கு ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறு பக்கம் கடலிலிருந்து நிலா எழுவது அழகுதான், வாருங்கள். ஆனால் பௌர்ணமி என்றாலே அந்தப் பொருத்தம் அநேகமாக அமையும். இரண்டும் கடலிலேயே வேண்டுமானால் மார்கழி, தைப் பௌர்ணமியைப் பாருங்கள், கூட்டமும் அந்த அளவுக்கு நெருக்காது.

கோடையில்தான் வர முடியும் என்றால் மாலைக்கு முட்டத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கரை வடமேற்காகத் திரும்பிவிடுவதால் வருடம் முழுக்கச் சூரியன் கடலில்தான் மறையும். பாறை, கலங்கரை விளக்கம், சிவந்த மண் எல்லாம் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: பாறை நுனிக்கு இறங்காதீர்கள். ஓர் ஆடி மாதத்தில் கால்மணி நேரம் சாதுவாக இருந்த இடத்தில் ஒரே அலை வந்து என் முக்காலியை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் இரண்டடி பின்னால் நின்றதால் பிழைத்தேன்.

கேள்வி (சென்னை): மீனவர் ஊர்களில் படம் எடுக்க அனுமதிப்பார்களா?

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இந்தக் கடப்புறத்து ஆட்கள் பலர் கடலுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். அந்த நாட்களில் கரையில் காத்துக்கிடந்த பெண்களின் முகத்துக்கு நேரே எத்தனையோ கேமராக்கள் நீண்டன. அப்போது நான் இங்கே இல்லை. ஆனால் அதை இன்னும் மறக்காத வீடுகளில் உட்கார்ந்து சாயா குடித்திருக்கிறேன். கேமராவோடு வரும் வெளியூர்க்காரரை அவர்கள் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் காரணம் இதுதான். ஊர்க் கமிட்டியிலோ மாதா கோயில் சாமியாரிடமோ (பாதிரியாரிடமோ) ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கடலைப் பார்த்தபடி தனியே நிற்கிற ஒரு பெண்ணை, எவ்வளவு நல்ல ஃப்ரேம் என்றாலும், கேட்காமல் எடுக்காதீர்கள்.

நாள் பார்த்துப் போவதும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள், அன்று கரையில் வலையும் வள்ளமும்தான் இருக்கும். விசைப்படகுத் தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு விதம். சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் படகுகள் கட்டிக் கிடக்கும்போது மறு பக்கம் ஏலம் நடக்கும். கரமடி (கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை) இழுக்கிற இடத்தில் நின்றால் கயிற்றைத் தாண்டாதீர்கள். முடிந்தால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு நீங்களும் கொஞ்சம் இழுங்கள். அந்தக் கயிற்றின் பாரம் கையில் பட்ட பிறகு எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி (குளச்சல்): லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. என்ன செய்ய?

பதில்: பூஞ்சை. உடனே மற்ற லென்ஸ்களிடமிருந்து பிரித்து வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களாகத் திறக்காதீர்கள். நான் ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்ததாகச் சொல்லித் திரும்பி வந்த லென்ஸ் ஆறு மாதத்தில் மறுபடி படர்ந்தது, அதனால் திரும்ப வாங்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கே மழை வருடத்துக்கு இரண்டு பருவம், நடுவில் கடல் காற்று. சேலத்தில் பீரோவில் வைத்திருந்த பழக்கம் இங்கே செல்லாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் கேமராவின் மேல்பாகத்தைத் துடையுங்கள். முக்காலிக் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். தோல் பையில் மட்டும் வைக்கவே வேண்டாம்.

கேள்வி (தக்கலைக்குக் குடிவந்திருக்கும் தங்கை): பெண்ணாக விடியற்காலையில் தனியாகப் போகிறீர்களே, பயமில்லையா?

பதில்: பூச்சந்தை, மீன் ஏலம், காய்கறிச் சந்தை, மூன்றிலும் அந்த நேரத்தில் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் தனியாகப் போகிறேன். மருந்துவாழ்மலை ஏறுவதென்றால் துணை இல்லாமல் போவதில்லை. ஆள் நடமாட்டமில்லாத கடற்கரைக்கு இருட்டில் போவதில்லை, எவ்வளவு நல்ல மேகம் என்றாலும். எங்கே போகிறேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். தங்கையே, தக்கலையில் இருந்துகொண்டு பத்மநாபபுரம் அரண்மனையை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. நவராத்திரிக்கு முன்னால் அங்கிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள். வழியெல்லாம் வீட்டு வாசலில் விளக்கு வைத்துக் காத்திருப்பார்கள். கூட்டத்தோடு நடந்து, விளக்கு வைத்த வாசல்களை எடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ட்ரோன் பறக்கவிடலாமா?

பதில்: அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வட்டக்கோட்டை, சிதறால் போன்ற தொல்லியல் துறை இடங்களில் அனுமதி இல்லாமல் கூடாது. தேரூர், சுசீந்திரம் குளங்களின் மேல் தயவுசெய்து வேண்டாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த நீர்நிலை அது. ஒரு ட்ரோன் சத்தத்துக்கு மொத்தப் பறவையும் எழுந்துவிடும். கரையில் பொறுமையாக உட்கார்ந்தால் சங்குவளை நாரை தானாகவே கிட்டே வரும்.

கேள்வி (ராஜாக்கமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): மக்களே, என்னிடம் எழுபதுகளில் எடுத்த வயல் படங்கள் கொஞ்சம் இருக்கின்றன. கறுப்பு வெள்ளை. அந்த வயல்களில் பாதி இன்று வீட்டுமனை. பிள்ளைகளுக்கு அதில் ஆர்வம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: சார், வந்த எல்லாக் கேள்விகளிலும் இதற்காகத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். முதல் வேலை, ஆல்பத்திலிருந்து பலவந்தமாகப் பிய்க்காதீர்கள், ஒட்டிக்கொண்டதை ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் (டிபிஐ) குறையாமல் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். நெகட்டிவ் இருந்தால் அதுதான் பொக்கிஷம், தனி உறையில் போடுங்கள்.

இரண்டாவது வேலை உங்களால் மட்டும்தான் முடியும். எந்த ஏலா (வயல்வெளி), எந்தக் குளத்துப் பாசனம், கன்னிப்பூவா கும்பப்பூவா, என்ன நெல், யார் வயல் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பூ என்றால் போகம், அறுக்கிற மலையாள மாதத்தை வைத்து அதற்குப் பெயர் என்பதே இங்கே வந்து ஒரு பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் இன்று நாஞ்சில் நாட்டு வயலை எடுக்கும்போது பச்சையும் மலையும்தான் ஃப்ரேமில் விழுகிறது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு பழைய படத்தையும் எடுத்த அதே இடத்தில் நின்று இன்றைக்கு ஒரு படம் எடுத்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைகள் நிச்சயம் உட்கார்ந்து கேட்பார்கள்.

நீங்கள் அனுமதித்தால் மாசி அறுப்புக்கு நான் ஸ்கேனரையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பின்னால் தெரியும் மலையின் வளைவை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் வரப்பில் குடை பிடித்து நின்று, "இன்னும் ரெண்டு அடி இடப்பக்கம்" என்று சொன்னால் போதும்.