நன்றாக நடக்கிற நாளில்தான் பயம் அதிகம் வருகிறது

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 36. பெரம்பூரில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய குட்டிப் பெண் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அரசாங்கத் தாளில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில நாள் எல்லாரையும் போல நடப்பேன், மாடிகூட ஏறுவேன். சில நாள் பாத்ரூம் வரைக்கும் போகவே சுவரைப் பிடிக்க வேண்டும், கண் மங்கும், கையில் டம்ளர் நிற்காது. அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பத்து மணிக்கு மேல் நான் வெறும் துணி மாதிரி கிடப்பேன்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது, யூடிஐடி கார்டும் வாங்கிவிட்டேன். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. வேலையை விட்ட பிறகு என் பெயரில் வருகிற ஒரே பணம் அதுதான். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுப்பேன், ஜி.எச்.சுக்குப் போக வர ஆட்டோ, போன் ரீசார்ஜ், குட்டிக்கு எப்போதாவது ஒரு சாக்லேட். தம்பி நல்லவன், எதுவும் சொல்ல மாட்டான். ஆனாலும் ரீசார்ஜுக்கு அவனிடம் கை நீட்டுவதை நினைத்தாலே என்னமோ செய்கிறது.

பிரச்சினை சில மாதங்களுக்கு முன் ஆரம்பித்தது. எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ், "எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் மறுபரிசோதனை, பாதிப் பேருக்கு பென்ஷன் கட்" என்று. ஆந்திராவில் அப்படி நடந்ததாக டிவியிலும் பார்த்தேன். அதே சமயம் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, உரிமைகள் திட்டம் என்று சொல்லி, டேப்லெட்டில் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். தனியாக நடப்பீர்களா, தானே குளிப்பீர்களா, வேலைக்குப் போவீர்களா என்று. அன்றைக்கு எனக்கு நல்ல நாள். கதவைத் திறந்ததே நான்தான். அவர்கள் போன பிறகு, ஐயோ, எழுந்து நடந்துவிட்டோமே என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அந்த மாதம் பார்த்து பணமும் தாமதமாக வந்தது. வரும் வரைக்கும் தினமும் பேலன்ஸ் பார்த்தபடியே இருந்தேன்.

அப்புறம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, நல்லாயிட்ட போல, பென்ஷன் இன்னும் வருதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்றிலிருந்து தேவையில்லாத நாளிலும் ஸ்டிக் இல்லாமல் வெளியே போவதில்லை. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்குப் போட்டிருக்கும் மரப்பாதையில் கடல் கிட்டே போகலாம் வா அத்தை என்று குட்டி கூப்பிட்டாள். யாராவது போட்டோ எடுத்துவிட்டால் என்று பயந்து போகவில்லை. பழைய ஆபீஸ் தோழி வீட்டிலிருந்தே செய்கிற டைப்பிங் வேலை தருவதாகச் சொன்னாள், தினம் இரண்டு மணி நேரம்தான். சம்பளம் வந்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்று அதையும் வேண்டாம் என்றேன்.

மத்தியான நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, இது எம்.எஸ்.ஸா பயமா என்றே தெரியவில்லை. தம்பியிடம் "நிறுத்த மாட்டாங்கல்ல?" என்று கேட்டுக் கேட்டு அவனே சலித்துப்போய்விட்டான். சில சமயம் நான் இல்லை என்றால் இவர்களுக்குப் பாரம் குறையுமே என்றும் தோன்றுகிறது. அம்மாவோ, இதையெல்லாம் யாரிடமும் சொல்லாதே, சொன்னால் பைத்தியம் என்று அதற்கும் ஒரு சர்டிபிகேட் கொடுத்துவிடுவார்கள் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், பெரம்பூர்

*

அன்புத் தோழிக்கு,

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் இல்லை என்றால் பாரம் குறையும் என்று, முதலில் அதைப் பேசிவிடுவோம். இது வெறும் சலிப்பில் வந்துபோகிற எண்ணமா, அல்லது எப்படி, எப்போது என்கிற அளவுக்கு மனம் போகிறதா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம், இப்போதே தம்பியை எழுப்பிச் சொல்லுங்கள், 14416க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. முதலாவது என்றாலும் தம்பிக்கு இது தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் பணத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்பது மட்டும்தான்.

பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதம் 2000 ரூபாயை நம்பி இருக்கிற ஒருவர் அது நின்றுபோகுமோ என்று பயப்படுவதில் என்ன தவறு? ஆனால் உங்கள் பயத்துக்குத் தீனி போடுகிற தகவல்களில் பாதி கலப்படம். ஆந்திராவில் 2025ல் மறுபரிசோதனை நடந்தது உண்மை, பலருக்கு நோட்டீஸ் போனதும் உண்மை, அவர்களுக்கு மேல்முறையீடு செய்ய வாய்ப்பு தரப்பட்டதும் உண்மை. அது அந்த மாநிலத்தின் பென்ஷன் திட்டம், அவர்கள் பணம், அவர்கள் விதி. நம் ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான பணம் ஒரே வழியில் வருவதில்லை. வருவாய்த் துறை தருகிற ஓய்வூதியம் ஒன்று. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் உங்களுக்கு வருகிற பராமரிப்பு உதவித்தொகை வேறொன்று. 80 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான மத்திய அரசு திட்டம் இன்னொன்று. தகுதி ஒவ்வொன்றுக்கும் வேறு. ஃபார்வர்டு மெசேஜ் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் பென்ஷன் என்ற ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். அடுத்த முறை வந்தால், எந்த மாநிலம், எந்தத் திட்டம், அரசாணை எங்கே என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், குரூப் அமைதியாகிவிடும்.

வீட்டுக்கு வந்தவர்கள் விஷயமும் அப்படித்தான். உரிமைகள் திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு நடத்துவது. அந்தக் கணக்கெடுப்பு யாருக்கு எந்தச் சேவை போய்ச் சேரவில்லை என்று கண்டறிவதற்காக. உங்கள் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று நிர்ணயிப்பது மருத்துவர்களின் வேலை, டேப்போடு வந்த அந்த இரண்டு பேரின் வேலை கிடையாது.

சரி, இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. தேவையில்லாத நாளில் ஸ்டிக், கடற்கரை வேண்டாம், வேலை வேண்டாம், கதவைத் திறந்ததற்குக்கூட ராத்திரி முழுக்க வருத்தம். கெட்ட நாட்களை எம்.எஸ். எடுத்துக்கொள்கிறது என்றால் மீதியிருக்கிற நல்ல நாட்களை நீங்களே இந்தப் பயத்துக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உதவித்தொகையை இன்னும் யாரும் நிறுத்தவில்லை, ஆனால் நிறுத்தினால் என்னவெல்லாம் இழப்பீர்களோ அதில் பாதியை ஏற்கெனவே இழந்தாயிற்று. இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது, உங்கள் மேல் அல்ல, கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு உள்ளவர்களை எந்நேரமும் பரீட்சை எழுத வைக்கிற எதிர்வீட்டுப் பார்வை மேல்.

உங்கள் நோயின் இயல்பே ஏறி இறங்குவதுதான். வெயிலில் உடம்பு சூடானால் அறிகுறிகள் கூடும், குளிர்ந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். இது நரம்பியல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் உங்கள் நோயும் இருக்கிறது. அதில் சேர்ப்பதற்கு, தினமும் படுத்தே கிடக்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. மார்க்கெட்டில் நின்று கீரை வாங்குவது மோசடி ஆகாது தோழி.

நல்ல நாளில் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதுதானே அடியில் இருக்கிற கேள்வி? அதற்கு ஸ்டிக்கைவிட உருப்படியான வழி இருக்கிறது. ஒரு நோட்டு போடுங்கள். தினமும் இரண்டு வரி போதும். எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அதற்கு அப்புறம் எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருந்தது, என்ன வேலைக்கு யார் உதவினார்கள். நல்ல நாளையும் எழுதுங்கள், கெட்ட நாளையும் எழுதுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். டாக்டர் முன்னால் உட்காரும்போது அன்றைக்கு எப்படி நடந்தீர்கள் என்பதை மட்டும் காட்டாமல் ஒரு மாதம் எப்படிப் போகிறது என்று காட்டலாம். மாடி ஏறினேன், மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னால் இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை, பலர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் சான்றிதழை எடுத்து நிரந்தரமா, காலவரையறை உள்ளதா என்று பாருங்கள். நிலைமை மாறக்கூடும் என்று மருத்துவர் கருதினால் காலவரையறை போடுவார்கள். தேதி இருந்தால் அதைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதற்குச் சில மாதம் முன்னால் புதுப்பிக்கிற வேலையை ஆரம்பிக்கலாம், அதுவரை தினமும் அதையே நினைக்க வேண்டிய கட்டாயமில்லை. மறுபரிசோதனையில் சதவீதம் குறைந்தாலும் அத்தோடு கதை முடிவதில்லை. சான்று தருபவரின் முடிவில் உடன்பாடு இல்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம் என்று அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்கிறது. பணம் மறுபடி தாமதமானால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அரசின் குறைதீர்க்கும் உதவி எண் 1100 இருக்கிறது, திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, தம்பி போய் மனு கொடுக்கலாம்.

டைப்பிங் வேலையை அப்படியே விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மாதம் டைம் கொடு என்று தோழியிடம் கேளுங்கள். வீட்டிலிருந்தபடி இவ்வளவு சம்பாதித்தால் என் உதவித்தொகை தொடருமா என்று அதே மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் எதுவாக இருந்தாலும் அதை வைத்துக் கணக்குப் போடலாம், யூகத்தை வைத்துப் போட முடியாது. கை நீட்டுவது பற்றி எழுதியிருந்தீர்களே, இரண்டு மணி நேர வேலை அந்த இடத்தில்தான் மருந்து.

இனி அந்தப் படபடப்பு. பேலன்ஸ் பார்ப்பது, தம்பியிடம் கேட்பது, செய்தி தேடுவது, இவை மூன்றும் அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும், அரை மணி நேரத்தில் மறுபடி கேட்கச் சொல்லும். அதனால் வழக்கமாகப் பணம் வருகிற தேதி வரை பேலன்ஸ் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கவலைப்படுவதற்கென்று சாயங்காலம் ஒரு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், படுக்கையில் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து. பகலில் கவலை வந்தால் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு, சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன் என்று வேலையைப் பாருங்கள். கேட்கும்போது சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். உளவியல் சிகிச்சையில் பல வருடங்களாகப் பயன்படுகிற முறைதான் இது, முதல் வாரம் சொதப்பும், விடாதீர்கள். நீங்கள் கேட்டால் தம்பி, "சாயங்காலம் பேசலாம் அக்கா" என்று மட்டும் சொல்லட்டும். நிறுத்த மாட்டாங்க என்று சத்தியம் செய்ய வேண்டாம்.

ஸ்டிக்கைத் தேவைப்படும் நாளில் மட்டும் எடுங்கள். முதலில் தெருமுனைக் கடை வரைக்கும், பயமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அப்புறம் குட்டியோடு மெரினா, வெயில் தாழ்ந்த பிறகு. அந்தப் பாதையைப் போட்டதே உங்களைப் போன்றவர்கள் போவதற்குத்தான், அங்கே போட்டோவில் வந்தால் அதைவிடப் பொருத்தமான சாட்சியம் ஏது? எதிர்வீட்டு அக்கா மறுபடி கேட்டால், "வருது அக்கா, இந்த நோய் அப்படித்தான், இன்னைக்கு நிப்பேன் நாளைக்கு நிக்க மாட்டேன்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை எடுத்தால் யாரும் பைத்தியக்காரப் பட்டம் கட்டுவதில்லை. எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் பரவலாக வருவதுதான், நரம்பியல் டாக்டருக்கு இது புதிதாக இருக்காது. அடுத்த தடவை ஜி.எச். போகும்போது தூக்கம் இல்லாததையும் மத்தியானப் படபடப்பையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கை கால் பற்றிப் பேசி முடிவதற்குள் நேரம் போய்விடும். இது நோயால் வருவதா பதற்றத்தால் வருவதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். தேவைப்பட்டால் அங்கேயே மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தருவார், அதையும் அதே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள், இன்னொரு ஆட்டோ செலவு மிச்சம்.