பிஷப் தோட்டத்து ஸ்ட்ராபெரி

வணக்கம் ஐயா,

இங்கிலாந்தின் அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் குடும்பங்கள் மோதிக்கொண்ட ரோஜாப் போர்களைப் பற்றி ஒரு வரலாற்று நூலைப் படித்துவிட்டு, அதே சூட்டில் ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தை எடுத்தேன். எரிச்சல்தான் மிஞ்சியது. 1482இல் பிரான்சில் செத்துப்போன, ஆறாம் ஹென்றியின் மனைவி ராணி மார்கரெட், 1483இல் லண்டன் அரண்மனையில் நின்று சாபம் விடுகிறாள். தம்பி கிளாரன்ஸுக்கு மரண தண்டனை வாங்கித் தந்தது மன்னர் எட்வர்ட். பழியோ இன்னொரு தம்பி ரிச்சர்ட் தலையில். டியூடர் வம்சத்துக்கு ஜால்ரா அடித்த இந்த நாடகத்தை எதற்குக் கொண்டாடுகிறோம்?

ச.

அன்புள்ள ச.,

தேதிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஆறாம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில், செயின்ட் ஆல்பன்ஸ் போரில் சாமர்செட் பிரபுவை ரிச்சர்ட் வெட்டிச் சாய்க்கிறான். அந்தப் போர் நடந்தது 1455இல். அப்போது ரிச்சர்டுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை!

ஜால்ராவும் பாதி உண்மைதான். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஆண்ட முதலாம் எலிசபெத் ராணியின் தாத்தா, டியூடர் வம்சத்தின் முதல் மன்னர் ஏழாம் ஹென்றி, பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்டை வீழ்த்தி முடிசூடியவர். பேத்தியின் ஆட்சியில் ரிச்சர்டை நல்லவனாக மேடையேற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் மார்கரெட் விஷயத்தில் நான் ஷேக்ஸ்பியர் பக்கம். 1700இல் காலி சிப்பர் என்ற நடிகர் இந்த நாடகத்தைத் திருத்தியபோது அவளை மொத்தமாகத் தூக்கிவிட்டார். வரலாற்றுக்குப் பொருத்தம்தான். ஆனால் ரிச்சர்டின் யார்க் குடும்பம் முன்பு செய்த கொலைகளை முகத்துக்கு நேரே சொல்லிக்காட்ட அப்புறம் மேடையில் ஆளில்லை. ரிச்சர்ட் வானத்திலிருந்து குதித்த வில்லனாகிவிடுகிறான்.

எது கற்பனை, எது நடந்தது என்று பிரிப்பதும் அவ்வளவு லேசில்லை. மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியை மறுபடி பாருங்கள். லண்டன் கோபுரத்தில் ஆலோசனைக் கூட்டம். ரிச்சர்ட் தாமதமாக, உற்சாகமாக வருகிறான். ஈலி பிஷப்பிடம், ஹோல்பர்னில் உங்கள் தோட்டத்தில் நல்ல ஸ்ட்ராபெரி பார்த்தேனே, கொஞ்சம் வரவழையுங்கள் என்கிறான். பிஷப்பும் ஓடுகிறார். வெளியே போய்த் திரும்பும் ரிச்சர்ட் வேறு ஆள். சூம்பிய கையைக் காட்டி, சூனியம் வைத்துவிட்டார்கள் என்று கத்துகிறான். ‘அப்படிச் செய்திருந்தால்...’ என்று கூட்டத்தில் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் பிரபு வாயெடுக்கிறார், அவ்வளவுதான். அவர் தலையைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்கிறான் ரிச்சர்ட்.

அந்த ஸ்ட்ராபெரி நாடகக்காரரின் கைவண்ணம் என்றுதான் தோன்றும். இல்லை, அது ஷேக்ஸ்பியருக்கு முந்தைய அறிஞர் தாமஸ் மோர் எழுதிய ரிச்சர்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. மோர் சிறுவனாக ஜான் மோர்டன் வீட்டில் பணியாளாக இருந்தவர். அந்த மோர்டன்தான் இந்த ஈலி பிஷப். 1483 ஜூன் 13 அன்று அந்தக் கூட்டத்தில் இருந்து, அன்றே கைதானவர். பழம் கொடுத்தவரே சொன்ன கதையாக இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், சூம்பிய கையும் மோரிடமிருந்து வந்ததுதான். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் பார்க்கிங்கைத் தோண்டி எடுத்த ரிச்சர்டின் எலும்புக்கூட்டில் முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. கைகளில் ஒரு குறையும் இல்லை. மோர்டன் ரிச்சர்டுக்குப் பரம எதிரி, பிறகு ஏழாம் ஹென்றியிடம் சான்சலர் என்ற உயர் பதவி வகித்தவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மோரின் நூலைத் தேடிப் படியுங்கள். சின்னதுதான், அவர் முடிக்காமலே விட்டுவிட்டார். ஹேஸ்டிங்ஸ் பகுதியை நாடகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஷேக்ஸ்பியர் எவ்வளவு குறைவாகக் கைவைத்திருக்கிறார் என்று தெரியும்.