தறிகள் நின்ற ஊர்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து எங்கள் ஊரில் பேச்சே அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்ததால்தானே பிரிட்டனால் தனியாக ஒப்பந்தம் போட முடிந்தது, நமக்கு நல்லதுதானே என்கிறார்கள். ஆனால் படிக்கிற இடத்திலெல்லாம் பிரெக்ஸிட் அந்த நாட்டை இரண்டாக உடைத்துவிட்டது என்றே இருக்கிறது. ஏழை வெள்ளைத் தொழிலாளிகள் இனவெறியில் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். நீங்கள் சில வருடங்கள் மான்செஸ்டரில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நண்பர் சொல்வது உண்மையா? என் மகன் செப்டம்பரில் அங்கே படிக்கப் போகிறான். அவனுக்காகவும்தான் கேட்கிறேன்.

ச.மு., திருப்பூர்

அன்புள்ள ச.மு.,

உங்கள் நண்பர் சொன்னதை அதே சொற்களில் நான் 2016 ஜூன் 24 காலையிலேயே கேட்டுவிட்டேன். முந்தைய நாள்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பு. 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றும் 48.1 சதவீதம் பேர் இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வடக்கே உள்ள பழைய மில் ஊர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி, படிப்பறிவில்லாத கூட்டம் நாட்டைக் கெடுத்துவிட்டது என்றார்கள். எல்லாரும் நல்லவர்கள். எனக்கு வீடு தேடித் தந்தவர்கள். அன்று அவர்கள் பேசியது என் மனதை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

நானும் வாக்களித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் முறையான விசாவில் அங்கே வசித்தால் அந்த வாக்கெடுப்பில் ஓட்டு உண்டு. அங்கே போய் இரண்டே வருடம் ஆன நான் 'இருக்கலாம்' என்று போட்டேன். என் அடுத்த மேசையில் இருந்த போலந்துப் பெண் 2004-இல் வந்தவர். பன்னிரண்டு வருடம் வரி கட்டியவர், பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தவர். அவருக்கு ஓட்டு இல்லை. அன்று யாருடைய வாழ்க்கை ஆட்டம் கண்டதோ அவருக்கே அதில் பேச்சு இல்லை. அவர் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால் வெளியேறும் முடிவுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஏழைகள்தான் செய்தார்களா?

எண்களைப் பாருங்கள். சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடிப்போன வடகிழக்கு இங்கிலாந்தில் 58 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். தலையெண்ணிக்கையில் அது சுமார் 7 லட்சத்து 78 ஆயிரம். லண்டனைச் சுற்றியுள்ள, வசதியான தென்கிழக்கில் 51.8 சதவீதம்தான். ஆனால் ஆட்கள் சுமார் 25 லட்சத்து 68 ஆயிரம் பேர். மூன்று மடங்குக்கும் மேல். சொந்த வீடும் ஓய்வூதியமும் உள்ள, தோட்டத்தில் ரோஜா வளர்க்கிற பெரியவர்கள் அதில் ஏராளம். அடுத்த நாள் தொலைக்காட்சி கேமராக்கள் அவர்கள் வீட்டு வாசலுக்கா போயின? மூடிய கடைத்தெருக்களுக்குத்தான் போயின. ஏழையின் ஓட்டு கண்ணில் படுகிறது, வசதியானவரின் ஓட்டு படுவதில்லை. உங்கள் நண்பர் இந்தப் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்.

மீதிக் கதைக்கு உங்களை பர்ன்லிக்கு அழைத்துப் போகிறேன். நீங்கள் திருப்பூர்க்காரர், இந்த ஊர் உங்களுக்கு நன்றாகப் புரியும். லங்காஷயர் என்ற மாவட்டத்தில் மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்பு சுமார் ஒரு லட்சம் தறிகள் ஓடிய ஊர். துணி நெசவில் உலகத்திலேயே பெரிய ஊர் என்று பெயர் வாங்கியது. நம் நாட்டுச் சந்தையைப் பிடித்து, நம் நெசவாளிகளின் வயிற்றில் அடித்ததும் இந்த லங்காஷயர் துணிதான். அப்புறம் காலம் திரும்பியது. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, பர்ன்லியிலிருந்து அதிக தூரமில்லாத டார்வனுக்கு வந்தார். அந்நியத் துணி பகிஷ்கரிப்பால் வேலை போனவர்களை நேரில் பார்க்க வந்தார். அவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்த புகைப்படம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1959-இல் தறிகளை உடைத்துப் பழைய இரும்பாகப் போட அரசே சட்டம் போட்டு முதலாளிகளுக்குப் பணம் கொடுத்தது. மிஞ்சிய மில்களில் இரவு ஷிப்டு ஓட்ட பாகிஸ்தான், வங்காளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு அந்த மில்களும் போயின. வந்தவர்களும் பழையவர்களும் வேலையில்லாமல் அடுத்தடுத்த தெருக்களில் மிஞ்சினார்கள். 2001 கோடையில் அங்கே கலவரம் நடந்தது. 2016-இல் பர்ன்லியில் 66.6 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள்.

அங்கே குயின் ஸ்ட்ரீட் மில் என்று ஒன்று உண்டு. நீராவி இயந்திரத்தால் ஓடிய கடைசி நெசவு மில். 1982-இல் மூடி, அருங்காட்சியகமாக ஆனது. பதினாறு வயதில் மில் வேலைக்குப் போன ஒரு அம்மா அங்கே தறிகளை ஓட்டிக் காட்டுவார். 2016-இல் இரண்டு முறை போனேன், ஜூனுக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை. இரண்டாம் முறை தயங்கித் தயங்கி, எதற்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். வெளியேறத்தான் என்றார். பர்ன்லி ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவை 2007-இல் பிளாக்பர்னுக்குக் கொண்டுபோனது, மகன் கிடங்கில் ஏஜென்சி வேலை பார்ப்பது, நாளைக்கு வேலை உண்டா என்று முந்தைய ராத்திரிதான் தெரியவருவது, எல்லாம் சொன்னார். "இதற்கும் ஐரோப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "சம்பந்தம் இருக்கோ இல்லையோ, எல்லாம் இப்படியே இருக்கட்டும்னு என் கையால கோடு போட எனக்கு மனசு வரல" என்றார்.

அவர் முதல்முறையாக வாக்களித்து ஏமாந்தவர் இல்லை. பர்ன்லியின் தேர்தல் கதையைப் பாருங்கள். 1935-இலிருந்து லேபர் என்கிற தொழிலாளர் கட்சியின் கோட்டை. 2010-இல் வெறுத்துப்போய் லிபரல் டெமாக்ரட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கட்சி கன்சர்வேட்டிவ் என்கிற பழமைவாதக் கட்சியோடு கூட்டணி அரசில் சேர்ந்து சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் உள்ளாட்சிகளின் நிதியை வெட்டியது. 2013 ஏப்ரலில், கவுன்சில் போன்ற பொது வாடகை வீடுகளில் உதவி பெறுகிறவருக்கு ஒரு அறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 சதவீத அளவுக்கு உதவியைப் பிடித்தார்கள். அதே மாதம் பெரும் பணக்காரர்களின் வருமான வரியை 50 சதவீதத்திலிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. 2015-இல் மறுபடி லேபர். 2019-இல், நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, கன்சர்வேட்டிவ். 2024-இல் மறுபடி லேபர். 2025 மே மாதம் லங்காஷயர் கவுன்டி கவுன்சிலை (மாவட்ட உள்ளாட்சியை) குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சி பிடித்தது. இத்தனை கதவையும் தட்டிப் பார்த்தவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஜோ காக்ஸ் என்ற எம்.பி.யைத் தெருவில் வைத்து ஒரு வெள்ளை இனவெறியன் கொன்றான். முடிவு வந்த வாரத்தில் டிராமில் ஒருவன் என்னைப் பார்த்து, "மூட்டை கட்டியாச்சா?" என்று கத்தினான். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்தப் பயல் யாருடைய பணத்தில் தைரியம் பெற்றான் என்றும் கேட்க வேண்டும். துருக்கியும் ஒன்றியத்தில் சேரும், அதன் மக்கள் இங்கே வரப்போகிறார்கள் என்று பயமுறுத்தும் பிரசுரங்களை அடித்தவர்கள் பர்ன்லிக்காரர்கள் இல்லை. வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்போம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டியவர்களும் இல்லை. அந்தக் கணக்கு மக்களைத் தவறாக நம்பவைக்கிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. பேருந்து நிற்கவில்லை.

வெளியேறிய பிறகு என்ன கிடைத்தது? 2020 ஜனவரி 31-இல் வெளியேறினார்கள். வடக்கைத் தூக்கி நிறுத்துவோம் என்று வாக்குறுதி தந்தார்கள். 2023 அக்டோபரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டரிலேயே மேடையேறி, மான்செஸ்டர் வரை வரவேண்டிய அதிவேக ரயில் பாதை வராது என்று அறிவித்தார். குடியேற்றம் குறையும் என்றார்கள். ஐரோப்பியர்கள் குறைந்தார்கள், முதியோரைப் பராமரிக்கவும் நர்ஸ் வேலைக்கும் இந்தியா, நைஜீரியாவிலிருந்து ஆட்களை அழைத்தார்கள். மொத்த எண்ணிக்கை முன்பைவிடக் கூடியது. இப்போது அந்தக் கோபமும் இவர்கள் மேல்தான் திரும்புகிறது. 2024 ஆகஸ்டில் குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே பயந்து நின்றார்கள் என்று எனக்கு வந்த போன்களிலிருந்து தெரியும்.

ஒப்பந்தம் பற்றி. அது உங்களுக்கு நல்லதுதான். வங்கதேசத் துணிக்கு வரியில்லை, நமக்கு வரி என்று இத்தனை நாள் தவித்தீர்கள். திருப்பூரில் நாலு வீட்டில் கூடுதலாக அடுப்பெரிந்தால் எனக்குச் சந்தோஷமே. அதற்காக அங்கே நடந்ததை நல்லது என்று சொல்ல என்னால் முடியாது.

மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். மான்செஸ்டரிலிருந்து பர்ன்லிக்கு இப்போது நேர் ரயில் இருக்கிறது. நாற்பது வருடங்களுக்கும் மேல் இல்லாமலிருந்து 2015-இல்தான் மறுபடி வந்தது. குயின் ஸ்ட்ரீட் மில்லை 2016 செப்டம்பர் கடைசியில் கவுன்டி கவுன்சில் நிதியில்லை என்று மூடிவிட்டது. 2018 முதல் வருடத்தில் சில மாதங்கள் மட்டும் திறக்கிறார்கள், நாள் பார்த்துப் போகச் சொல்லுங்கள். தறிகள் ஓடும்போது காது அடைத்துப்போகும். அதனால் அந்தக் காலத்து நெசவாளிகள் சத்தமில்லாமல் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள், அதற்கு மீமாவிங் என்று பெயர். நான் போனபோது அந்த அம்மா கூடத்தின் மறுகோடியில் நின்ற தோழியிடம் அப்படி ஏதோ கேட்டார், தோழி என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளியே வந்து என்ன கேட்டீர்கள் என்றேன். "இந்தப் பையன் ரொம்ப தூரம் வந்திருக்கான், டீ குடிச்சானான்னு கேட்டேன்" என்றார்.

அன்புடன்.